துடக்கு வீட்டில் ஒரு படப்பெட்டி

அக்காவின் பார்வை குறைந்துகொண்டு வந்தது எனக்குத் தெரியும். அந்தப் படப்பெட்டி எதற்காக அனுப்பப்பட்டது என்பதும் தெரியும். இரண்டும் தெரிந்திருந்தும் அதை அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்தவன் நான். அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

தொண்டைமானாற்றில் இந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும் இருக்கிறோம். அக்கா கலியாணம் செய்யவில்லை. தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பிழையாக எழுதிய விலாசங்களை வாசிப்பதில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மழையில் ஊறிய கடிதம், பென்சிலால் எழுதி அரைவாசி அழிந்த கடிதம், ஊர்ப்பெயரே இல்லாமல் "கிணற்றடி வளவு, பெரியக்கா" என்று மட்டும் எழுதிய கடிதம், எல்லாம் கடைசியில் அவருடைய மேசைக்குத்தான் வரும். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி ஒரு பார்வை பார்ப்பார். பிறகு தபாற்காரரிடம் நீட்டி, "உது இன்னார் வீடு, கொண்டுபோய்க் குடுங்கோ" என்பார். திரும்பி வந்த கடிதம் குறைவு.

என் மனைவி இறந்தபோது மகள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவளை வளர்த்தது அக்காதான். அந்த மகள் இப்போது கனடாவில் இருக்கிறாள். அவளுக்கும் ஒரு மகள். தன் தாய் "மாமி" என்று கூப்பிடுவதைக் கேட்டுப் பேத்தியும் அக்காவை மாமி என்றே கூப்பிடுகிறாள். முறைப்படி அது பிழை. நான் திருத்தப் போனேன். அக்கா விடவில்லை.

"என்னைக் கிழவியாக்காமல் மாமி எண்டு கூப்பிடுது. உனக்கேன் வயித்தெரிச்சல்?" என்றார்.

அக்காவுக்குக் கண்ணில் அழுத்தம் கூடியிருந்தது. நாங்கள் அறிந்தபோது நோய் முற்றிவிட்டது. போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றத்தான் துளி மருந்து என்று டொக்டர் சொன்னார். ஓரங்களில் இருந்து இருட்டு உள்ளே வரும். நடுவில் உள்ளது கூர்மையாகத் தெரியும். ஆனால் அந்த நடு சுருங்கிக்கொண்டே போகும். ஒரு குழாய்க்குள்ளால் பார்ப்பது போல என்றார். நான் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்தவன். ஒளியும் அலையும் நான் விரும்பிப் படிப்பித்த பாடங்கள். டொக்டர் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. அக்காவுக்கு வீட்டுக்கு வந்து படம் கீறிக்கூட விளக்கினேன்.

கைத்தொலைபேசியில் மகள் அனுப்பும் படங்களை அக்காவால் பார்க்க முடியவில்லை. விரல் பட்டால் படம் ஓடிப்போய்விடும். விரலை எடுத்தால் திரை இருண்டுவிடும். "பிள்ளையின்ரை முகத்தைத் தேடிப் பிடிக்க முதல் லைட் நூந்து போகுது" என்று மகளிடம் முறைப்பட்டார். அதைக் கேட்டுத்தான் மகள் அந்தப் பெட்டியை வாங்கினாள். சந்நிதிக் கோயில் திருவிழாவுக்கு வந்த உறவினர் ஒருவரின் சூட்கேசில், சொக்லேட்டுக்கும் தைலப் போத்தல்களுக்கும் நடுவில் அது வந்து சேர்ந்தது.

பார்க்க ஒரு போட்டோச் சட்டம் மாதிரித்தான் இருந்தது. சாப்பாட்டுத் தட்டத்தின் அகலம். மகள் கனடாவில் இருந்து அனுப்பும் படம் வைஃபை வழியாக வந்து அதில் நிற்கும். ஒன்றையும் அழுத்தத் தேவையில்லை. மகள் அங்கேயே அதைத் தன் போனுடன் சேர்த்துவிட்டுத்தான் அனுப்பியிருந்தாள். இங்கே எங்கள் வீட்டு வைஃபையுடன் இணைத்துவிட்டால், வழியில் காத்திருக்கிற படங்கள் எல்லாம் வந்துவிடும். அக்கா அதற்குப் படப்பெட்டி என்று பெயர் வைத்தார்.

"மாமிக்குக் கண் தெரியேக்கையே அவள் வளருறதை மாமி பார்க்கோணும் அப்பா," என்றாள் மகள். "ஆரையும் கூப்பிட்டு வைஃபையோடை சேர்த்துப் பூட்டுங்கோ. நீங்கள் இருந்து மினைக்கெடாதேங்கோ."

அந்தக் கடைசி வசனம் எனக்குப் பிடிக்கவில்லை.

பிளக்கின் தட்டைக் கால்கள் எங்கள் சுவரில் போகாது. நெல்லியடிக்குப் பஸ்ஸில் போய் ஒரு அடப்டர் வாங்கி வந்தேன். செருகியதும் பெட்டி வெளிச்சம் போட்டது. அக்கா கதிரையை இழுத்துக்கொண்டு வந்து முன்னால் இருந்தார். சேலைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

பெட்டி முதலில் மொழியைக் கேட்டது. பிறகு வைஃபைப் பெயர்களைக் காட்டியது. அதில் எங்கள் பெயரும் இருந்தது. அதைத் தொட்டதும் கடவுச்சொல்லைக் கேட்டது.

கடவுச்சொல்லை வைத்தவன் நான். அயலில் யாரும் ஊகித்துவிடக் கூடாது என்று ஒளியின் வேகத்தை இலக்கம் இலக்கமாக எழுதி, நடுவில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்து வைத்திருந்தேன். பெட்டியின் திரையில் எழுத்துகள் என் விரல் நுனியைவிடச் சிறியவை. ஒன்றைத் தொட்டால் பக்கத்தில் இருந்தது விழுந்தது. விழுந்தது உடனே புள்ளியாக மாறிவிடுவதால் எங்கே பிழைத்தது என்றும் தெரியவில்லை. கடைசியில் ஒரு தரம் எல்லாவற்றையும் சரியாகத்தான் அடித்தேன். சின்ன வட்டம் ஒன்று சுற்றிச் சுற்றி நின்றது. இணைக்க முடியவில்லை என்று வந்தது.

"என்னவாம்?" என்று கேட்டார் அக்கா.

"ஏலாதாம்."

"ஆருக்கு? உனக்கோ, அதுக்கோ?"

எங்கள் வீட்டில் நீரேரிப் பக்க யன்னலில்தான் சிக்னல் பிடிக்கும். ரவுட்டரை அங்கேதான் கட்டி வைத்திருந்தோம். பெட்டியை அதன் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். சரிவரவில்லை. ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பெட்டியை அணைத்துப் போட்டேன். இரண்டையும் அணைத்து, தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து போட்டேன். கடவுச்சொல்லைச் சுருக்கினேன்; அதோடு என் போனும் வைஃபையை விட்டுவிட்டது. அதைத் திரும்பச் சேர்த்து முடிக்கும்போது கரண்ட் போனது. வந்தபோது பெட்டி புதிதாகப் பிறந்ததுபோல மறுபடியும் என்ன மொழி என்று கேட்டது.

"நெல்லியடியிலை போன் திருத்திற கடை இருக்கெல்லே. ஒருக்கா அதிலை காட்டிப் பாரன்," என்றார் அக்கா.

"இது போனில்லை அக்கா."

"போனில்லை எண்டு எனக்கும் தெரியும். போனெண்டால் ஒருக்காலாவது அடிச்சிருக்குமே."

பெட்டியோடு ஒரு சின்னப் புத்தகமும் வந்திருந்தது. நான் அதைத் திறக்கவில்லை. வைஃபை என்பது ஒரு அலை. அலைகளைப் பற்றி எனக்கு ஒரு கடைச் சாமானின் புத்தகம் என்ன சொல்லப் போகிறது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், இப்போது மாற்றி எழுதி என்ன பயன்.

அடுத்த தரம் மகள் கதைத்தபோது, "பூட்டியாச்சோ அப்பா?" என்று கேட்டாள்.

"ஓம்," என்றேன்.

யோசித்துச் சொன்ன பொய் அல்ல. நாளைக்கு எப்படியும் செய்துவிடுவேன், அப்போது அது உண்மையாகிவிடும் என்ற எண்ணத்தில் வாயில் வந்தது. படம் அனுப்பியாகிவிட்டது என்றுதான் அவளுடைய போன் காட்டும். இங்கே யாரும் பார்த்தார்களா என்று காட்டாது. அவள் சந்தோசப்பட்டு, மாமியிடம் கொடுங்கோ என்றாள். அக்கா போனை வாங்கினார்.

"மாமி, படமெல்லாம் வருதோ?"

அக்கா என் பக்கம் முகத்தைத் திருப்பினார். என் முகத்தை அவர் கண்டாரோ தெரியாது.

"ஓம் பிள்ளை. வடிவா வருது."

"கடற்கரையிலை நிக்கிற படம் வந்ததோ?"

"வந்தது, வந்தது. அண்டைக்கு நல்ல காத்துப் போலை. குஞ்சின்ரை தலைமயிரெல்லாம் கலைஞ்சு கிடக்கு."

"ஐயோ ஓம் மாமி, சரியான காத்து," என்று மகள் சிரித்தாள்.

போனை வைத்த பிறகு, "ஏனக்கா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன். கேட்டவன் நான்தான்.

"நீ ஓம் எண்டு சொல்லிப்போட்டாய். நான் இல்லை எண்டால் உன்ரை மரியாதை என்னாகிறது?" என்றார் அக்கா. "கெதியாப் பூட்டு. கடற்கரையெண்டால் காத்தடிக்கும், சமாளிச்சிட்டன். எல்லாத்துக்கும் எனக்கு வராது."

எல்லாவற்றுக்கும் அவருக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் பேத்தி தாயிடமிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு வந்தாள். அங்கே சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்புக்குப் போகிறாள். எழுதப் பழகியிருந்தாள்.

"மாமி, நான் எழுதினதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தனான் குஞ்சு. நல்ல வடிவு."

"நான் என்ன எழுதினனான்?"

நான் குசினி வாசலில் நின்றேன். அக்கா எத்தனையோ பேரின் கிறுக்கல்களை வாசித்து வீடு சேர்த்தவர். ஒரு குழந்தை தன் கையால் முதன்முதலாக அவருக்கு எழுதியதை என்னவென்று சொல்ல முடியாமல் போனைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்போதாவது நான் போய்ப் போனை வாங்கி, பெட்டி இன்னும் வேலை செய்யவில்லை, குற்றம் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். நான் அசையவில்லை.

"எழுத்து கொஞ்சம் சின்னன் குஞ்சு," என்றார் அக்கா. "மாமியின்ரை கண்ணுக்குப் பிடிபடேல்லை."

மறுபக்கம் கொப்பி புரட்டுகிற சத்தம் கேட்டது.

"சரி. நான் பெரிசா எழுதுறன்," என்றாள் பேத்தி.

என் பிழையை அக்கா தன் கண்ணின் மேல் போட்டுக்கொண்டார். அன்று பின்னேரம் மறுபடி இருந்து முயன்றேன். வட்டம் சுற்றியது, நின்றது. அக்கா கதிரையைக் கொண்டுவரவில்லை. குசினியில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார், கத்தியைவிட விரலைத்தான் கவனமாகத் தடவித் தடவி.

அந்த நாட்களில்தான் எங்கள் சித்தப்பாவின் மூத்த மகன் காலமானார். தகப்பன் வழி உரித்து, இரத்தச் சொந்தம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை எங்கள் வீட்டுக்கும் துடக்கு, சாவுத் தீட்டு. துடக்கு என்றால் கோயிலுக்குப் போக முடியாது. நல்ல காரியம் ஒன்றும் வீட்டில் தொடங்குவதில்லை. வெள்ளிக்கிழமைகளில் சந்நிதிக்குப் போகிற அக்கா அதை நிறுத்திவிட்டு, வீட்டுக்குள் இருந்தே கோயில் மணிக்குக் கைகூப்பினார்.

எனக்குத் துடக்கில் நம்பிக்கை இல்லை. வகுப்பில் பிள்ளைகளுக்கு முன்னால் அதைக் கேலி செய்திருக்கிறேன். வீட்டில் அக்காவுக்காக அதோடு ஒத்துப்போவேன், அவ்வளவுதான். அப்படிப்பட்ட நான், செத்த வீட்டுக்குப் போய் வந்து தலைமுழுகிய கையோடு, பெட்டியை வயரோடு சுற்றி அலுமாரிக்கு மேலே ஏற்றினேன்.

சத்தம் கேட்டு அக்கா வந்தார். "ஏன்டா தம்பி அதை ஏத்துறாய்?"

"துடக்கெல்லே அக்கா. புதுச் சாமான். அந்தியேட்டி முடியட்டும்."

"துடக்குக்கும் படத்துக்கும் என்ன? போனிலை கதைக்கலாம், உதிலை பார்க்கக் கூடாதோ?"

"சனம் துக்கம் விசாரிக்க வந்து போற நேரம். முன்னுக்கு வெளிச்சம் போட்டு, பிள்ளை சிரிக்கிற படம் ஓடினால் என்ன கதைக்குங்கள்? செத்தவருக்குக் குடுக்கிற மரியாதை அதுதானோ?"

இறந்த அந்த அண்ணையோடு சின்ன வயதில் ஒன்றாக விளையாடியவர் அக்கா. நான் நம்பாததை எடுத்து, அதை நம்புகிறவரையே மடக்கினேன். அவர் மறுத்துச் சொன்னால் இறந்தவரை மதிக்காதவர் ஆகிவிடுவார். அது எனக்குத் தெரியும்.

"சரி, இருக்கட்டும் அப்ப," என்றார்.

மகளுக்கும் அதையே சொன்னேன். துடக்கு, அதனால் பெட்டியை அணைத்து வைத்திருக்கிறோம் என்றேன். மாமியின் விருப்பம் என்ற மாதிரியும் ஒரு சொல் சேர்த்துவிட்டேன். "அதுவும் சரிதான் அப்பா," என்றாள் அவள். "நாங்கள் அனுப்பிறதை அனுப்புறம். துடக்குக் கழிய மாமி எல்லாத்தையும் ஒண்டாப் பார்க்கட்டும்."

எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. இதையும் எழுதத்தான் வேண்டும். ஒரு மனிதர் செத்ததால் எனக்கு ஆறுதல் கிடைத்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் இருக்க மழை வந்ததுபோல.

பேத்தி மட்டும் விடவில்லை. கதைக்கும்போதெல்லாம் கணக்குச் சொன்னாள். "மாமி, நேத்து இன்னும் பெரிசா எழுதினனான். துடக்கு முடிய பாருங்கோ." துடக்கு என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியாது. பள்ளிக்கூட விடுமுறை போல ஏதோ ஒன்று என்று நினைத்திருக்க வேண்டும். அக்கா ஒவ்வொரு தரமும், "பார்க்கிறன் குஞ்சு, கட்டாயம் பார்க்கிறன்" என்றார். பிறகு போனை என்னிடம் தந்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுவார். அவர் ஏசியிருந்தால் நானும் பதிலுக்கு ஏசியிருப்பேன். அதற்கும் இடம் தரவில்லை.

அந்தியேட்டி முடிந்த கையோடு அக்காவைக் கண் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். ஒரு இயந்திரத்துக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். வெளியில் இருந்த எனக்கு அந்தப் பொத்தானின் சத்தம் கேட்டது. நெடுநேரம் சத்தமே வராத இடங்களும் இருந்தன. டொக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். புதியதில் கறுப்பு உள்ளே வந்திருந்தது. நடுவில் ஒரு சின்ன வெள்ளை இருந்தது.

"மருந்து ஒழுங்காத்தான் விடுறம்," என்றேன்.

"உங்கடை பிழையில்லை. சில பேருக்கு இப்பிடித்தான் போகும்," என்றார் டொக்டர்.

அவர் சொன்னது மருந்தைப் பற்றி மட்டும்தான்.

பஸ்ஸால் இறங்கி வீட்டுக்கு வந்தோம். கேற்றுக்குள் வழக்கமாக நிற்கிற இடத்தில்தான் என் சைக்கிள் நின்றது. அக்கா நேரே போய் அதில் மோதினார். விழவில்லை. சீற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்காலைத் தடவிக்கொண்டே, என் பக்கம் பார்க்காமல் சொன்னார்.

"அலுமாரிக்கு மேலை இருக்கிறதை இறக்கு தம்பி. துடக்கு முடிஞ்சுது."

இறக்கினேன். தூசியைத் தட்டி மேசையில் வைத்தேன். ஆனால் செருகவில்லை. முதலில் மகளுக்குப் போன் எடுத்தேன். இணைக்கவே இல்லை, முதல் நாளில் இருந்தே பொய், துடக்கு என்றதும் என் சாட்டுத்தான், மாமி சொல்லவில்லை என்றேன். வசனங்களாக ஒழுங்காகச் சொன்னேனோ தெரியாது.

"அப்ப மாமி ஒரு படமும் பார்க்கேல்லையோ?"

"இல்லை."

"கடற்கரைப் படம்?"

"அது அவ ஊகிச்சுச் சொன்னவா."

"எனக்கு அண்டைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாமே அப்பா. நான் என்ன உங்களை அடிக்கவோ போறன்?"

அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு குரலைச் சரிப்படுத்திக்கொண்டு, "பெட்டிக்குள்ளை ஒரு சின்னப் புத்தகம் இருக்கும். எடுத்து முதல் பக்கத்தை வாசியுங்கோ," என்றாள்.

வாசித்தேன். வைஃபை இரண்டு மீடிறன்களில், அதாவது இரண்டு அதிர்வெண்களில், வருகிறது. இந்தப் பெட்டி அதில் குறைந்ததை மட்டும்தான் பிடிக்கும். எங்கள் ரவுட்டர் இரண்டையும் ஒரே பெயரில் அனுப்பிக்கொண்டிருந்தது. பெட்டி பெயரைக் கண்டு உள்ளே வரப் பார்த்தது. ரவுட்டர் அதை, அது பிடிக்க முடியாத மீடிறனுக்குத் தள்ளியது. இரண்டையும் பிரித்து, குறைந்ததற்கு வேறு பெயர் வைத்தால் போதும். மகள் வழி சொல்லச் சொல்ல நான் செய்தேன். ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"மீடிறன் எனக்கு நீங்கள்தான் படிப்பிச்சனீங்கள்," என்றாள் மகள். குத்திக் காட்டச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னாள்.

படங்கள் வரத் தொடங்கின. அனுப்பிய ஒழுங்கிலேயே, பழையது முதலாக வந்தன. அக்காவைக் கூப்பிட்டுக் கதிரையைப் பெட்டிக்குக் கிட்டக் கொண்டுவந்து போட்டேன்.

முதலில் கடற்கரைப் படம். பேத்தியின் தலைமயிர் முகம் முழுக்கப் பறந்துகொண்டிருந்தது. "நீங்கள் சொன்ன மாதிரியே மயிர் கலைஞ்சுதான் கிடக்கு அக்கா," என்றேன்.

"கடற்கரையெண்டால் வேறென்ன?" என்றார்.

அடுத்தது, பேத்தி ஒரு மேசையில் இருக்கிறாள். கொப்பித் தாள் ஒன்றை நாடிக்குக் கீழே பிடித்திருக்கிறாள். முகம் முழுவதும் தெரிகிறது. வாயைத் திறந்து சிரிக்கிறாள். முன்பல் ஒன்று இல்லை. தாளில் பென்சிலால் சின்னச் சின்ன எழுத்து. நான் வாசிக்க வாயெடுத்தேன். அக்கா கையைக் காட்டி மறித்தார். தலையை ஒரு பக்கம் சரித்து, குனிந்து, அந்த வரியின் தொடக்கத்தைத் தேடிப் பிடித்தார்.

"மாமி எனக்கு பல்லு விழுந்துட்டுது," என்று வாசித்தார். "முதல் எழுதி அழிச்சுப்போட்டுத் திரும்ப எழுதியிருக்கிறாள்."

எழுத்து சின்னது என்று சொன்னதை நம்பித்தானே அந்தக் குழந்தை இவ்வளவு நாளும் பெரிதாக எழுதியது. பென்சிலால் எழுதிய அந்தச் சின்ன வரி அக்காவுக்கு இன்றைக்கும் வாசிக்க முடிகிறது.

அதற்கு அடுத்த படங்களில் தாள் பெரிதாகிக்கொண்டே வந்தது. ஒன்றில் நாடியை மறைத்தது. இன்னொன்றில் வாயை மறைத்தது. பிறகு தடித்த மட்டையில், கறுப்புப் பேனையால், ஒரு மட்டைக்கு ஒரு சொல். கண்கள் மட்டும் மேலே தெரிந்தன. கடைசியாக வந்த படங்களில் ஒரு மட்டைக்கு ஒரே ஒரு எழுத்து. பேத்தி இரண்டு கைகளையும் அகல விரித்து மட்டையைப் பிடித்திருந்தாள். இரண்டு பக்கமும் விரல்கள் தெரிந்தன. உச்சந்தலையில் கொஞ்சம் மயிர் தெரிந்தது. முகம் இல்லை.

"உது என்ன கோடு?" என்றார் அக்கா.

"கோடில்லை அக்கா. எழுத்து."

"எழுத்தோ? எனக்கு ஒரு கறுப்புத் தடிதான் தெரியுது."

குழாய்க்குள்ளால் பார்ப்பது போல என்று டொக்டர் சொன்னதை நான் படம் கீறி விளக்கினேன் என்று மேலே எழுதியிருக்கிறேன். குழாய்க்குள்ளால் பார்க்கிறவருக்குச் சின்ன எழுத்து முழுதாகத் தெரியும். பெரிய எழுத்தில் ஒரு துண்டுதான் தெரியும். அந்தப் பிள்ளை எழுத்தைப் பெருப்பிக்கப் பெருப்பிக்க அக்காவுக்கு அது தெரியாமல் போனது. அதோடு தன் முகத்தையும் மறைத்துக்கொண்டது. அவ்வளவு நாளும் நான் துடக்குக் காத்துக்கொண்டிருந்தேன்.

"பிள்ளையின்ரை முகம் எங்கை?" என்று கேட்டார் அக்கா.

"மட்டைக்குப் பின்னாலை."

"பல்லு விழுந்த படத்தைத் திருப்பிப் போடு," என்றார்.

திருப்பிப் போட்டேன். கிட்ட இருந்து பார்த்தார். ஒரு கண் தெரிகிறது என்றார். வாய் தெரிகிறது என்றார். வாயைப் பார்த்தால் கண் போய்விடுகிறது என்றார். அதற்குள் பெட்டி தானாக அடுத்த படத்துக்கு மாறியது. மறுபடி திருப்பினேன். மறுபடி மாறியது. படத்தை நிற்பாட்டி வைப்பது எப்படி என்று அந்தச் சின்னப் புத்தகத்தில் பார்த்தேன். இந்தத் தரம் பார்த்தேன்.

அக்கா எழும்பினார். சுவரைப் பிடித்துக்கொண்டு, பெட்டியை விட்டு விலகிப் பின்னால் பின்னால் போனார்.

"எங்கை போறியள்?"

"கொஞ்சம் பொறு."

முன்வாசல் நிலையில் முதுகு முட்டியதும் நின்றார். தலையை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பி, இடத்தைத் தேடிப் பிடித்தார். அப்படியே நின்றார்.

"இப்ப முழுசாத் தெரியுது," என்றார். "ஒரு தபால் முத்திரையளவு."

நான் அவருக்குக் கிட்டப் போகவில்லை.

"பல்லில்லாமல் உன்ரை சாயல் மாதிரிக் கிடக்கு," என்றார். சிரித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் தலைப்பால் துடைத்தார்.

அடுத்த நாள் பேத்தியுடன் நான்தான் முதலில் கதைத்தேன். அக்கா தான் சொல்கிறேன் என்றார். வேண்டாம் என்றேன்.

"குஞ்சு, உன்ரை எழுத்து சின்னனில்லை. மாமி அதை நல்லா வாசிச்சவா. இவ்வளவு நாளும் பெட்டி வேலை செய்யேல்லை. அம்மப்பா பொய் சொன்னனான். அதாலைதான் மாமியும் சொல்ல வேண்டி வந்தது."

அவள் யோசித்தாள். பின்னால் ஏதோ பாத்திரச் சத்தம் கேட்டது.

"அப்ப நான் பெரிசா எழுதினதெல்லாம் சும்மாவா, அம்மப்பா?"

"ஓம்," என்றேன்.

அக்கா போனை என் கையில் இருந்து எடுத்தார்.

"மட்டையெல்லாத்தையும் கவனமா எடுத்து வை குஞ்சு. இனிப் படமெடுக்கேக்கை ஒண்டையும் பிடிக்காமல் சும்மா நில்லு. எழுத வேண்டியதைச் சின்னனா எழுதிக் கீழை வை. மாமி அந்தக் காலத்திலை வாசிச்ச எழுத்துக்கு உன்ரை எழுத்து அச்சு மாதிரி."

அதன் பிறகு படங்கள் ஒழுங்காக வருகின்றன. பேத்தி கைகளைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பாஸ்போட்டுக்கு நிற்பது போல நிற்கிறாள். விழுந்த பல்லின் இடத்தில் புதுப்பல் பாதி வந்துவிட்டது. அது எட்டிப்பார்க்கத் தொடங்கிய நாட்களின் படங்களில் மட்டை மட்டும்தான் இருக்கிறது. அந்தப் படங்களை அழிக்கட்டா என்று மகள் கேட்டாள். அழிக்க வேண்டாம் என்று நான் சொன்னேன்.

காலையில் துளி மருந்து விட்டு, அது கண்ணுக்குள் இறங்கும்வரை காத்திருந்து, அக்காவை வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறேன். அவர் நிலையில் கை வைத்து, கதிரையைக் காலால் தேடி இருக்கிறார். நான் மேசையடியில் நின்று அவர் போதும் என்று சொல்லும்வரை படத்தை நிற்பாட்டி வைக்கிறேன். முதலில் கதிரையை வாசலுக்கு உட்பக்கம்தான் போட்டேன். அங்கிருந்து முகம் முழுசாகத் தெரியவில்லை என்றார்; போன மாதம் வாசற்படிக்கு நகர்த்தினோம். அதற்குப் பின்னால் இன்னும் விறாந்தை இருக்கிறது.